தென்னாப்பிரிக்காவில் பத்து நாள் வேட்டை: குடு மானும் கின்னிக்கோழியும் ஒரே பயணத்தில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் இருக்கும் நண்பர்கள் இருவர். அங்கே மானும் காட்டுப்பன்றியும் சுட்டுப் பழக்கம் உண்டு. வெளிநாட்டு வேட்டைக்குப் போனதில்லை. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பத்து நாள் ஒதுக்க முடியும். ஆளுக்கு ஒரு குடு, ஒரு ஜெம்ஸ்பாக், ஒரு இம்பாலா (மூன்றும் ஆப்பிரிக்க மான் வகைகள்), கூடவே இரண்டு நாள் பறவை வேட்டை. எங்கே ஆரம்பிப்பது, என்ன செலவாகும், துப்பாக்கியை இங்கிருந்தே கொண்டுபோவதா?

பெரும்பாலானவர்கள் டிக்கெட்டில் ஆரம்பிக்கிறார்கள். இல்லையென்றால், ஏதோ ஒரு கண்காட்சியில் கையில் திணிக்கப்பட்ட 'ஏழு நாள், ஐந்து விலங்கு' பேக்கேஜ் தாளில். இரண்டுமே தலைகீழ். முதலில் என்ன விலங்கு என்று முடிவு செய்யுங்கள். விலங்கு இடத்தைச் சொல்லும், இடம் மாதத்தைச் சொல்லும், மாதம் பறவையைச் சொல்லும். துப்பாக்கியும் டிக்கெட்டும் அதற்கப்புறம்தான்.

நீங்கள் சொன்ன மூன்று விலங்கும் ஒரே மண்ணில் நன்றாக இருக்கும் இடம் லிம்போபோ மாகாணத்தின் மேற்குப் பகுதி. மணல் தரை, முள் மரம், வறண்ட புதர்க்காடு. ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கி நான்கைந்து மணி நேரம் காரில் போனால் போதும், உள்நாட்டு விமானம் தேவையில்லை. ஈஸ்டர்ன் கேப்பும் அருமையான வேட்டை நாடுதான், மலேரியா பயமும் கிடையாது. ஆனால் அங்கே குடுவின் கொம்பு சற்றுச் சிறியது, ஜெம்ஸ்பாக்கும் இம்பாலாவும் பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. கூடவே கெபெர்காவுக்கோ (பழைய போர்ட் எலிசபெத்) ஈஸ்ட் லண்டனுக்கோ இன்னொரு விமானம் ஏற வேண்டும். துப்பாக்கியோடு இன்னொரு விமானம் என்றால் இன்னொரு தலைவலி.

பறவைக்கு லிம்போபோவிலேயே கௌதாரி வகைகளும் கின்னிக்கோழியும் கிடைக்கும். எண்ணிக்கையும் வேகமும் வேண்டுமென்றால் தெற்கே மக்காச்சோளமும் சூரியகாந்தியும் விளையும் ஃப்ரீ ஸ்டேட், நார்த் வெஸ்ட் பக்கம் வர வேண்டும். ஆகவே ஏழு நாள் லிம்போபோ, பிறகு திரும்பும் வழியில் இரண்டு நாள் வயல்வெளி. மீதி ஒரு நாள் சாலையில் போகும். ஸ்டார்ம்பெர்க் மலைப் புல்வெளியில் பாயின்டர் நாய்களை முன்னால் விட்டுச் சாம்பல் இறகுக் கௌதாரி சுடுவது பறவைக்காரர்களுக்குப் பெரிய கனவு. அது ஈஸ்டர்ன் கேப்பின் உயரத்தில், நாள் முழுக்க நடை. அதை இந்தப் பயணத்தில் நுழைக்காதீர்கள். தனியாகப் போக வேண்டிய வேட்டை அது.

மாதம்: ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை. அங்கே அது குளிர்காலம், மழையில்லாக் காலம். இலை உதிர்ந்து புதர் வெளுத்திருக்கும், விலங்கு கண்ணில் படும். மே கடைசியிலும் ஜூனிலும் கடா குடுக்கள் பெட்டைகளோடு சேர்ந்திருக்கும். வருஷத்தின் மற்ற நாட்களில் புதருக்குள் தனியே ஒளிந்து திரியும் கிழக் கடா வெளியே தெரிவது இப்போதுதான். மக்காச்சோள அறுவடையும் இந்தச் சமயத்தில் நடக்கும். சிந்திய மணிக்குக் கின்னிக்கோழியும் புறாவும் வயலில் இறங்கும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: ஜூனில் பகல் குட்டை. ஏழு மணிக்குச் சற்று முன் விடியும், ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. விடிகாலை திறந்த வண்டியின் பின்னால் நிற்கும்போது குளிர் சில நாள் பூஜ்யத்துக்கும் கீழே போகும், மதியம் 22 டிகிரி அடிக்கும். 'ஆப்பிரிக்கா என்றால் வெயில்' என்று அரைக்கைச் சட்டையோடு வந்திறங்குபவர்கள் முதல் காலையே நடுங்கிக்கொண்டு தோட்டாவை வீணாக்குவார்கள். கையுறை, காதை மூடும் தொப்பி, உரசினால் சத்தம் போடாத கம்பளி மேலாடை ஒன்று போதும்.

இனி ஆள் தேர்வு. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் தானாகப் போய் வேட்டையாட முடியாது. உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டர், அதாவது வேட்டைப் பயணத்தை நடத்தித் தருபவர், ஏற்பாடு செய்ய வேண்டும், உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டி கூடவே இருக்க வேண்டும். வழிகாட்டியை அங்கே எல்லோரும் பி.ஹெச். என்றுதான் சொல்வார்கள். இந்த உரிமம் மாகாண வாரியானது. லிம்போபோவில் உரிமம் உள்ளவருக்கு ஃப்ரீ ஸ்டேட்டிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை. இரண்டு மாகாணத்தில் வேட்டை என்றால் இரண்டுக்குமான உரிமத்தின் நகலைக் கேளுங்கள். நேர்மையான ஆள் அன்றைக்கே அனுப்பிவிடுவார். வேட்டை தொடங்கும் முன் வேட்டைப் பதிவேடு ஒன்றில் நீங்களும் பி.ஹெச்.சும் கையெழுத்திட வேண்டும். 'கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம்' என்பவரிடம் பிறகு ஏற்றுமதிக் காகிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து நிலம். அங்கே வேட்டை பெரும்பாலும் வேலியிட்ட தனியார் பண்ணையில் நடக்கிறது. 1991ஆம் ஆண்டின் விலங்குத் திருட்டுச் சட்டம், முறையாக வேலியடைத்த நிலத்திலுள்ள காட்டு விலங்கை நில உரிமையாளரின் சொத்தாக ஆக்கியது. மாட்டுப் பண்ணைகள் பலவும் மான் பண்ணைகளாக மாற அது ஒரு பெரிய காரணம். ஒரு விலங்குக்கு இத்தனை டாலர் என்று விலைப்பட்டியல் இருப்பதும் அதனால்தான். டெக்சாஸ்காரர்களுக்கு இது புதிதல்ல. நம் கோடியக்கரையில் தொட்டால் சிறை என்னும் வெளிமானுக்கு டெக்சாஸ் பண்ணைகளில் விலை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனவே வேலி இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. எத்தனை ஹெக்டேர், உள்ளே குறுக்கு வேலி உண்டா, நான் சுடப்போகும் குடு அங்கேயே பிறந்ததா, போன மாதம் லாரியில் வந்து இறங்கியதா என்று கேளுங்கள். ஆயிரம் ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்தில் குடு வேட்டை என்றால் நான் தயங்குவேன். ஐயாயிரத்துக்கு மேல் என்றால் வேலியைப் பார்க்காமலே பல நாள் நடக்கலாம். கூண்டில் வளர்த்த சிங்கத்தைக் கூடுதலாகச் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த அவுட்ஃபிட்டரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

முன்பு வந்து போனவர்களின் பெயர் கேட்கும்போது, கேட்ட விலங்கு கிடைக்காமல் திரும்பிய ஒருவருடைய தொடர்பையும் தரச் சொல்லுங்கள். பெரிய கொம்போடு படம் எடுத்துக்கொண்டவர் எப்படியும் புகழத்தான் செய்வார். வெறுங்கையோடு திரும்பியவரும் நல்லபடியாகப் பேசினால் அந்த முகாமை நம்பலாம்.

பணம். விலை இரண்டு பகுதியாக வரும். ஒன்று நாள் வாடகை: தங்குமிடம், சாப்பாடு, பி.ஹெச்., தடம் பார்ப்பவர், வண்டி எல்லாம் இதில் அடங்கும். மற்றது விலங்குக் கட்டணம், சுட்டால் மட்டும். இப்போதைய பட்டியல்களில் பொதுவாகக் காண்பது: இருவருக்கு ஒரு பி.ஹெச். என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 முதல் 400 டாலர், தனித்தனி பி.ஹெச். என்றால் 100, 150 கூடும். குடு 2,000 முதல் 3,000, ஜெம்ஸ்பாக் 1,000 முதல் 1,400, இம்பாலா 350 முதல் 500. பறவை நாள் ஆளுக்கு 350 முதல் 600, தோட்டா தனி. அமெரிக்காவிலிருந்து விமானம் 1,300 முதல் 1,900. அன்பளிப்புக்கு ஆயிரம் எடுத்து வையுங்கள். இருவருக்கு ஒரு பி.ஹெச். என்றால் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 8,500 முதல் 12,000 டாலருக்குள் நிற்கும். கொம்பும் தோலும் வீடு வந்து சேரும் செலவு இதில் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன், பலர் அங்கேதான் மயங்கி விழுகிறார்கள்.

இருவருக்கு ஒரு பி.ஹெச். என்பதன் உண்மையான பொருளை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஒரு சமயத்தில் ஒருவர்தான் சுட முடியும். ஏழு நாள் வேட்டை ஆளுக்கு மூன்றரை நாளாகிவிடும். இம்பாலாவுக்கு அது தாராளம், குடுவுக்குப் போதாமல் போகலாம். இருவருக்கும் குடுதான் முக்கியம் என்றால் தனித்தனி பி.ஹெச். எடுங்கள், மற்ற எதையாவது குறைத்துக்கொள்ளலாம். ஒரே பி.ஹெச். என்று முடிவானால், முறை மாறுவது விலங்கு விழுந்த பிறகா, ஒவ்வொரு பதுங்கல் (விலங்கை மறைந்து மறைந்து நெருங்கும் முயற்சி) முடிந்த பிறகா என்பதை ஊரிலேயே பேசி வைத்துவிடுங்கள். பதுங்கலுக்கு ஒருமுறை மாறுவதே நியாயம். பேசாமல் போன நல்ல நண்பர்கள் நான்காவது நாள் இரவுச் சாப்பாட்டில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. விலங்கு விலைப்பட்டியல் டாலரில், தேதியோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். நாள் வாடகைமேல் 15 சதவீத வாட் வரி உண்டு. அது விலைக்குள்ளா வெளியேவா என்பது எழுதியிருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போவதும் மாகாணம் விட்டு மாகாணம் போகும் வண்டிச் செலவும் யார் கணக்கு, முன்பணம் எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், இதெல்லாம் வேண்டும். காயம்பட்டுத் தப்பிய விலங்கைப் பற்றிய விதியும் வேண்டும். அந்த விதி எங்கும் ஒன்றுதான்: ஒரு சொட்டு ரத்தம் தரையில் கிடந்தால் முழுக் கட்டணம். விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே. கடுமையாகத் தோன்றும், ஆனால் சரியானது. தூரத்திலிருந்து அடித்துப் பார்க்கலாமா என்ற எண்ணமே அதனால் எழாது.

பேக்கேஜில் 'இரண்டு நாள் கின்னிக்கோழி விரட்டு வேட்டை' என்று இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். விரட்டு வேட்டைக்கு வரிசையாக ஆறு முதல் எட்டுத் துப்பாக்கி வேண்டும், எதிர்ப்பக்கம் விரட்டுபவர்கள் வேண்டும். இரண்டே பேர் நின்றால் கூட்டம் இடது பக்கமோ வலது பக்கமோ வழிந்து போய்விடும். இருவருக்குப் பொருந்துவது வேறு: காலையில் நாய்களோடு நடந்து கௌதாரியும் கின்னிக்கோழியும், மதியத்துக்கு மேல் அறுவடையான வயலோரம் மறைவில் உட்கார்ந்து புறா. வேறு ஒரு குழுவோடு சேர்த்து வரிசையில் நிற்க வைக்க முடியுமென்றால் அந்தத் தேதியை முன்னமே உறுதி செய்து வாங்குங்கள். எந்தப் பறவையை எந்தத் தேதி வரை, ஆளுக்கு எத்தனை சுடலாம் என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அந்த ஆண்டுக்கான அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

துப்பாக்கி. என் கருத்து: ரைஃபிள் உங்களுடையது, ஷாட்கன் வாடகைக்கு. பழகிய ரைஃபிள் கையில் இருந்தால் முதல் நாள் பதற்றம் பாதியாகும். ஷாட்கன் விஷயத்தில் கணக்கே வேறு. ஒரு பயணிக்கு 5 கிலோ தோட்டாதான் விமானத்தில் அனுமதி, பெட்டியின் எடையும் சேர்த்து. .30-06 ரைஃபிள் தோட்டா ஒன்று சுமார் 27 கிராம். 60 எடுத்தாலும் 1.6 கிலோதான். 32 கிராம் ஈயம் நிரப்பிய 12 போர் தோட்டா ஒன்று 48 கிராமுக்கு வரும். நூறு வைத்தாலே கணக்கு முடிந்தது. ஒரு நல்ல புறா மதியத்தில் 150 போய்விடும். ஆக, ஷாட்கன் தோட்டாவை எப்படியும் அங்கேதான் வாங்க வேண்டும். துப்பாக்கியையும் அங்கேயே எடுத்துக்கொண்டால் ஒரு சீரியல் நம்பர் குறையும். அரைத்தானியங்கி ஷாட்கன்னைக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம், நுழைவிலேயே சிக்கும். மேலும் கீழுமாக இரட்டைக் குழல் உள்ளதுதான் அங்கே வழக்கம், வாடகைக்குக் கிடைப்பதும் அதுவே.

இந்த மூன்று விலங்குக்கும் .308, .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் எதுவானாலும் போதும். தோட்டாவின் முனை முக்கியம். நோஸ்லர் பார்டிஷன், பார்ன்ஸ், ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் போல உள்ளே போய்ச் சிதறாமல் விரியும் வகை வேண்டும். டெக்சாஸ் மானுக்குச் சரியாக இருக்கும் மெல்லிய முனை, ஜெம்ஸ்பாக்கின் தோள் எலும்பில் பட்டால் அங்கேயே நொறுங்கி நின்றுவிடும். .375 ரைஃபிள் எருமைக்கும் அதைவிடப் பெரிய விலங்குக்கும்தான், உங்களுக்குத் தேவையில்லை.

காகிதம் இரண்டு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் சுங்கத் துறையின் 4457 படிவம். துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் சுங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், அதிகாரி சீரியல் நம்பரைப் பார்த்து முத்திரை குத்துவார். துப்பாக்கியை வண்டியிலேயே விட்டு, முதலில் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்ன பிறகு எடுத்து வாருங்கள். படிவத்தின் மேல் மூலையில் ஒரு காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். அது அந்தப் படிவப் பதிப்புக்கான தேதிதான், உங்கள் ஆவணத்துக்கானது அல்ல. ஆனாலும் தென்னாப்பிரிக்கக் காவலர்கள் தேதி தாண்டிய படிவத்தைத் திருப்பியிருக்கிறார்கள். தேதி பார்த்துப் புதுப் பதிப்பில் போடுங்கள்.

தென்னாப்பிரிக்கப் பக்கம், காவல் துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற தற்காலிக இறக்குமதி விண்ணப்பம். கறுப்பு மையில் நிரப்புங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள். அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு வந்து புதிதாக எழுத உட்காருபவர்கள் அந்த அலுவலகத்தில் வாடிக்கைக் காட்சி. அதோடு பாஸ்போர்ட் நகல், திரும்பும் டிக்கெட், 4457, அவுட்ஃபிட்டரின் அழைப்புக் கடிதம், எதற்காகக் கொண்டுவருகிறேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரைக்கு இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் கூடாது, கொண்டுவரும் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கானதாகவே இருக்க வேண்டும். இந்த அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. அலுவலகத்துக்கு வெளியே யாராவது 'சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்று கை நீட்டினால் பேசாமல் நடந்துவிடுங்கள். முன்கூட்டியே விண்ணப்பம் போட்டு வைக்கும் முகவர்கள் இருக்கிறார்கள். 100, 150 டாலர் வாங்குவார்கள், இறங்கும்போது கூடவே வருவார்கள். முதல் பயணத்துக்கு அது வீண் செலவல்ல. ஆனால் எட்டு வாரம் முன்பே காகிதங்களை அனுப்பிவிட வேண்டும்.

தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் சீரியல் நம்பர்தான். பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் குழப்பம், ஒன்றுக்கும் ஐ எழுத்துக்கும் குழப்பம், முன்னால் இருக்கும் ஓர் எழுத்தை விட்டுவிடுவது. துப்பாக்கியில் பொறித்திருப்பதைக் கைபேசியில் பெரிதாகப் படம் எடுத்து, அதைப் பார்த்தே மூன்று காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

விமானம்: அட்லாண்டாவிலிருந்தும் நியூவார்க்கிலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க்குக்கு நேரடி விமானங்கள் உண்டு. நூறு இருநூறு டாலர் கூடினாலும் அதையே எடுங்கள். ஐரோப்பா வழியாகவோ வளைகுடா வழியாகவோ போனால் அந்த நாட்டின் கடவு அனுமதி, அந்த விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல் என்று தனிக் காகிதங்கள் கேட்பார்கள். டிக்கெட் எடுத்தவுடன் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுத் துப்பாக்கி வருகிறது என்று பதிவு செய்யுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் துப்பாக்கிப் பெட்டி மற்ற பைகளோடு சுழலும் பட்டையில் வராது. காவல் துறையின் துப்பாக்கி அலுவலகத்துக்குப் போகும். வரிசை இல்லாவிட்டால் ஒரு மணி நேரம், இருந்தால் மூன்று. அன்றிரவு நிலையத்துக்கு அருகிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை லிம்போபோவுக்குக் கிளம்புவதே நல்லது. இரவுச் சாலையில் மாடும் மானும் குறுக்கே வரும். அனுமதித் தாளை ஊர் திரும்பும்வரை பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள், போகும்போதும் அதைக் கேட்பார்கள்.

இதற்குமேல் உங்கள் கையில் இருப்பது பயிற்சி ஒன்றுதான். டெக்சாஸில் மறைவிடத்தில் உட்கார்ந்து சன்னலில் சாய்த்துச் சுட்டுப் பழகியிருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் பத்தில் எட்டு முறை நின்றுகொண்டு, ரைஃபிளைத் தாங்க மூன்று காலாக விரியும் முக்காலிக் கம்பின் மேல் வைத்துச் சுட வேண்டியிருக்கும். ஒரு முக்காலிக் கம்பு வாங்குங்கள். நான்கு மாதம், வாரம் ஒரு நாள், இருபது தோட்டா. முதலில் 100 மீட்டர், பிறகு 150, பிறகு 200. கம்பு விரித்து, ரைஃபிளை ஏற்றி, ஒரு தட்டு அளவு வட்டத்தில் அடிக்க எத்தனை நொடி என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு நொடிக்குள் வந்தால் தயார். இடது கையால் கம்புகள் சேரும் இடத்தையும் ரைஃபிளின் முன்கட்டையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், கம்பின் மேல் குழலை நேரடியாக வைக்கக் கூடாது. வைத்தால் குண்டு மேலே போகும்.

அடிக்கும் இடமும் மாற வேண்டும். அமெரிக்காவில் 'தோளுக்குப் பின்னால், நடு உடம்பில்' என்று கற்றுத் தருகிறார்கள். ஆப்பிரிக்க விலங்குகளில் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் தாழ்வாக, கிட்டத்தட்ட முன்னங்காலுக்கு நேர் மேலே இருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் முன்னங்கால் நடுவே ஒரு கோடு மேலே இழுங்கள். உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். அங்கேதான். ஜெம்ஸ்பாக்கில் இது இன்னும் முக்கியம். அதன் தோள் மேடு உயரமானது. 'நடு' என்று கண் காட்டும் இடம் உண்மையில் நுரையீரலின் மேல் விளிம்பு. அங்கே அடித்த ஜெம்ஸ்பாக் விழுந்து, எழுந்து, மூன்று கிலோமீட்டர் போகும். ஜெம்ஸ்பாக்கில் பெட்டைக்கும் கொம்பு உண்டு. ஆணுடையதைவிட மெல்லியது, பல நேரம் நீளமானது. பி.ஹெச். பெட்டையைக் காட்டினால் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள்.

குடு முழுதாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். சாம்பல் புதருக்குள் சாம்பல் விலங்கு. முதலில் தெரிவது ஒரு காது அசைவு, இல்லை விலாவில் இறங்கும் வெள்ளைக் கோடுகளில் இரண்டு. பிறகுதான் காய்ந்த கிளை என்று நினைத்தது கொம்பின் திருகல் என்று புரியும். பி.ஹெச். அதற்குள் கம்பை விரித்துவிட்டு, எந்த மரம், எத்தனையாவது இடைவெளி என்று காதோரம் சொல்வார். அவர் 'இப்போது' என்று சொல்லும்வரை விரல் வெளியிலேயே இருக்கட்டும். பின்னால் ஒரு பெட்டை நின்றால் குண்டு இரண்டையும் துளைத்துப் போகும்; கட்டணமும் இரண்டு. சுட்டவுடன் தலையைத் தூக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள், கம்பிலேயே நில்லுங்கள். விலங்கு முதுகை வளைத்துக் குன்றி ஓடினால் வயிற்றில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் ஒரேயடியாகப் போய்விடும். முன்பக்கம் சரிந்து ஓடினால் அருகிலேயே கிடக்கும். தடம் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரு சின்ன ஜாக் ரஸ்ஸல் நாயும் மீதி வேலையைப் பார்ப்பார்கள். நீங்கள் அவர்கள் பின்னால், வாய் திறக்காமல் போங்கள்.

முகாமுக்குப் போன முதல் மதியமே இலக்குத் தாளில் மூன்று தோட்டா சுட்டுப் பாருங்கள். விமானத்தில் பெட்டி எப்படிப் புரண்டது என்று உங்களுக்குத் தெரியாது. பி.ஹெச். உங்கள் கையைப் பார்ப்பதும் அப்போதுதான். எத்தனை மீட்டர்வரை உங்களைச் சுட விடலாம் என்று அந்தப் பத்து நிமிடத்தில் தீர்மானித்துவிடுவார்.

பறவைக்கு: கின்னிக்கோழிக்கும் கௌதாரிக்கும் 32 கிராம், 5 அல்லது 6ஆம் எண் ரவை, புறாவுக்கு 28 கிராம், ஏழரை. கின்னிக்கோழி பறப்பதைவிட ஓடத்தான் விரும்பும். வயலில் ஐம்பது பறவை தலை தூக்கிப் பார்த்துவிட்டு வரிசையாக ஓடும். ஓடுவதைச் சுடாதீர்கள், நாயும் ஆளும் அதே மட்டத்தில்தான் இருக்கிறார்கள். பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டும் விசை. எழும்பும்போது உடம்பு பெரிதாகத் தெரிவதால் மெதுவாகப் போகிறது என்று தோன்றும். அதனாலேயே பின்னால் அடிப்பீர்கள். தலையைப் பாருங்கள், அதற்கு முன்னால் ஆட்டுங்கள். வேட்டைக்கு முந்தைய இரண்டு மாதம் களிமண் தட்டுச் சுடும் மைதானத்தில் நூறு நூறாக ஐந்து தடவை போனால் கை பழகும். பறவை நாட்களைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்கு வழித்தடம் மட்டும் காரணமல்ல. குடு கிடைக்காவிட்டால் பறவை நாள் ஒன்றை விட்டுக்கொடுத்து லிம்போபோவில் ஒரு நாள் கூடத் தங்கலாம். அந்த வசதியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

உடம்புக்கு இரண்டு விஷயம். லிம்போபோவின் சில பகுதிகளில் மலேரியா உண்டு, குளிர்காலத்தில் குறைவு. பண்ணையின் இடத்தைச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சல் அதைவிட வாடிக்கையானது. தினம் இரவு குளிக்கும்போது இடுப்பு, அக்குள், முழங்காலுக்குப் பின்புறம் பாருங்கள். ஊர் திரும்பி ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் தலைவலியும் வந்து, கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு இருந்தால் அதைக் காட்டி, ஆப்பிரிக்காவில் உண்ணி கடித்தது என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளினில் சரியாகும்.

அன்பளிப்பு: பி.ஹெச்.சுக்கு மொத்தச் செலவில் பத்து சதவீதம் அல்லது நாளுக்கு நூறு டாலர் என்ற கணக்கு. தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், சமையல்காரர் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 10 முதல் 20. தனித்தனி உறையில், பெயர் எழுதி, நேரில் கொடுங்கள். மொத்தமாக ஒருவர் கையில் கொடுத்தால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

கடைசியாகக் கொம்பும் தோலும். சுட்டதை உங்கள் பையில் போட்டுக் கொண்டுவர முடியாது. தோலை உப்பிட்டு, மண்டையை வேகவைத்துச் சுத்தம் செய்து, மருந்தில் முக்கி, கால்நடை மருத்துவச் சான்றும் மாகாண ஏற்றுமதி அனுமதியும் வாங்கி, மரப்பெட்டியில் அடைத்து அனுப்ப வேண்டும்; நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். அங்கேயே தலையைப் பாடம் செய்து அனுப்பச் சொன்னால் ஒரு வருஷம், அதற்கும் மேல். நாட்டில் கோமாரி நோய் பரவினால் இன்னும் தள்ளிப்போகும். மூன்று தலை பாடம் செய்து வீட்டுச் சுவரில் மாட்ட, சரக்கு விமானம், சுங்க முகவர் எல்லாம் சேர்த்து நான்காயிரம் ஐயாயிரம் டாலர் தனியே ஆகும். மண்டையும் கொம்பும் மட்டும் போதும் என்றால் பாதிக்கும் கீழே முடியும். ஜெம்ஸ்பாக்குக்கு அதுவே அழகும்கூட. ஒவ்வொரு தோலிலும் கொம்பிலும் உங்கள் பெயரும் எண்ணும் உள்ள தகடு கட்டப்பட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் உப்பறைக்குப் போய்க் கண்ணால் பாருங்கள். படம் எடுத்து வையுங்கள்.

நீங்கள் கேட்ட மூன்றும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லாதவை, காகிதம் எளிது. 'சும்மா ஒரு பபூன் குரங்கும் சுடுங்கள்' என்று சொல்வார்கள். அது பட்டியலில் இருக்கிறது, மண்டையைக் கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும். கடைசி நாளில் ஆசைப்பட்டு வார்ட்ஹாக் பன்றியோ ஒரு கின்னிக்கோழியோ பாடம் செய்ய நினைத்தால், அவை அமெரிக்க வேளாண் துறை ஒப்புதல் பெற்ற பாடம் செய்பவரிடம் மட்டுமே போக முடியும். மீன் வனவிலங்குத் துறையின் 3-177 அறிவிப்பு உட்பட மற்றதைச் சுங்க முகவர் பார்த்துக்கொள்வார். அவரைப் பயணத்துக்கு முன்பே ஏற்பாடு செய்து, விலாசத்தை அவுட்ஃபிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இறைச்சி பண்ணைக்காரருடையது, வேண்டிய அளவு இரவுச் சாப்பாட்டில் வரும். குடுவின் முதுகுத் தசையை அன்றைக்கே நெருப்பில் சுடச் சொல்லிக் கேளுங்கள். உப்புக்கண்டம் போல அவர்கள் காயவைக்கும் பில்டாங்கைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அமெரிக்கச் சுங்கத்தில் அதைப் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள், அறிவிக்காமல் விட்டால் அபராதமும் உண்டு. ஓ.ஆர். டாம்போவில் விமானத்துக்குக் காத்திருக்கும் நான்கு மணி நேரத்தில் தின்று தீர்த்துவிட்டு ஏறுங்கள்.